பக்கம் இரண்டு, கீழ் மூலை

டான்யூப் மேல் மூடுபனி இறங்கும் ரூசே நகரில்
பதினாறு வருடமாகத்
திருத்தம் போடுவது என் வேலை.
பக்கம் இரண்டு, கீழ் மூலை,
தீப்பெட்டி அளவு இடம்.

ஒரு காலத்தில் தொலைபேசி என்னை உட்காரவிடாது.
குடமிளகாய் விலையில் பத்து ஸ்டோடிங்கி பிசகினால்
ஒக்னியான் கத்துவார்.
மகள் கல்யாணச் செய்தியில் ஓர் எழுத்து விழுந்ததற்கு
ரயில்வே கிளார்க் ஒருவர் நேரில் வந்து
மேஜையைத் தட்டினார்.
மேயர் பேச்சை அரைகுறையாய்ப் போட்டோம் என்று
இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே நாளில் திட்டியதுண்டு.
அன்றைக்கெல்லாம் வீட்டுக்குப் போய்
காதைத் தேய்த்துக்கொண்டு படுப்பேன்.

பிறகு பத்திரிகையை யாரோ வாங்கினார்கள்.
யார் என்று எங்களுக்கே
வேறொரு பத்திரிகையில்தான் தெரிந்தது.

போன மாதத் தேர்தல் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன்.
நாற்காலிகளை எண்ணினேன், பழக்கதோஷம்.
நானூற்றுப் பத்து. பாதி காலி.
மறுநாள் முதல் பக்கத்தில்
ஆறாயிரம் பேர் திரண்டிருந்தார்கள்.
திருத்தம் எழுதிக் கொடுத்தேன்.
ஆசிரியர் ரதோஸ்டின் படித்தார், நான்காய் மடித்தார்,
ஆடுகிற மேஜையின் காலுக்கடியில் செருகினார்.
மேஜை இப்போது ஆடுவதில்லை.

சரி, ஊர் கேட்கும் என்று காத்திருந்தேன்.
சதுக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியாதா,
பக்கத்து நாற்காலியில் பைதான் இருந்தது என்று?
ஒரு மணி அடிக்கவில்லை.

ஒக்னியானைச் சந்தையில் பார்த்தேன்.
எங்கள் முதல் பக்கத்தைக் கசக்கி
வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
படித்தீர்களா என்றேன்.
"இதையா?" என்றார், கோபமே இல்லாமல்.
கண்ணாடி பளிச்சென்று இருந்தது.
திட்டியவர்களெல்லாம் படித்தவர்கள் என்று
அப்போதுதான் உறைத்தது எனக்கு.

நேற்று சாயங்காலம் மணி அடித்தது.
ரிசீவரில் தூசி.
"மருந்துக் கடையா? பையனுக்குக் காய்ச்சல்,
ராத்திரி திறந்திருப்பீர்களா?"
இல்லையம்மா, இது பத்திரிகை அலுவலகம்.
"பேப்பரில் இந்த நம்பர்தானே போட்டிருக்கிறது!"

புரட்டினேன். ஏழாம் பக்கம்.
கடையின் பெயருக்குக் கீழே
எங்கள் நம்பரேதான்.

சரியானதைத் தேடிச் சொன்னேன், இரண்டு தடவை.
அவள் திருப்பிச் சொன்னாள்.
வைப்பதற்கு முன் "நிச்சயம்தானே?" என்றாள்.

பதினோரு மாதத்தில் முதல் திருத்தம்
இன்று வருகிறது.
ஒவ்வொரு இலக்கத்திலும் விரல் வைத்துப் பார்த்தேன்.
மேஜைக்கடியில் அந்தத் தாள்
அப்படியே இருக்கிறது.