பின்பக்கத்து வரிசை

கைரேகை எந்திரம் இன்றும் என்னை ஏற்கவில்லை.
மூன்று முறை சிவப்பு விளக்கு.
சூப்பர்வைசர் பென்சிலால் குறித்துக்கொண்டார்:
ஆள் வந்தான், பதியவில்லை.

டைல்ஸ் இடுக்கில் கிரவுட் தேய்த்துத் தேய்த்து
விரலில் இருந்த கோடெல்லாம்
யாருடைய வில்லாவிலோ
குளியலறைத் தரையாகிவிட்டது.

சம்பளம் வந்த இரவு,
முசாஃபா ஹைப்பர்மார்க்கெட்.
அரிசி வரிசை தெரியும்.
பணம் அனுப்பும் கவுண்டர் நன்றாகத் தெரியும்.
இந்த வரிசைக்கு இதுவரை வந்ததில்லை.
எல்லாப் பாட்டில்களும் எனக்குப் பின்னால் நிற்கும்
யாரோ ஒரு பெண்ணைப் பார்த்துச் சிரிக்கின்றன.
"மேடத்துக்கா?" என்றாள்
சட்டையில் மரிசெல் என்று பெயர் குத்தியிருந்தவள்.
ஆமாம் என்றேன்.
"மேடத்துக்கு எந்த மாதிரித் தோல்?"
சிமென்ட் மாதிரி என்று எப்படிச் சொல்ல.

ஒரு கையில் அறுபத்தெட்டு திர்ஹம்,
மறு கையில் ஒன்பது.
அறுபத்தெட்டில் ஆர்கன் என்று தங்க எழுத்து,
ஒரு மரம், மரத்தின் மேல் ஆடு.
திருப்பினேன்.
பின்னால் எறும்பு எழுத்து.
அதிகம் இருப்பது முன்னால் நிற்கும்,
கொஞ்சம் இருப்பது பின்னால் போகும்,
அந்த வரிசைக்கு அதுதான் சட்டமென்று
மேல்கட்டிலில் படுத்து போனில் படித்திருந்தேன்.

முதலில் மினரல் ஆயில்.
அடுத்து சூரியகாந்தி.
அப்புறம் வாசனை.
வாசனைக்கும் பின்னால்,
சாயத்துக்கு ஓரடி முன்னால்
ஆர்கன்.
பெயர்ப்பலகையில் யார் பெயர் இருக்கும்,
சுவருக்குள் யார் வேர்வை இருக்கும் என்று
எனக்குத் தெரியாதா.

ஒன்பது திர்ஹத்தைத் திருப்பினேன்.
மினரல் ஆயில். கொஞ்சம் வைட்டமின் ஈ.
அவ்வளவுதான். படமில்லை, ஆடில்லை.

எண்ணெய்க்குள்ளும் ஆளுக்கொரு வேலை இருக்கிறது.
ஆலிவ் அவசரக்காரன்,
உள்ளே இறங்கும் வேகத்தில்
சிலருக்கு வேலியையே பிரித்துவிடுவானாம்.
சூரியகாந்தி பிரிந்ததை அடைக்கும் கொத்தன்.
ஹொஹோபா எண்ணெயே இல்லை, மெழுகு;
விசாவில் ஒரு தொழில், சைட்டில் வேறு தொழில் என்று
நம்மில் பாதிப் பேர் வந்ததுபோல்
எண்ணெய் வரிசையில் வந்து நிற்கிறது.
அறையில் குலசேகரன் சத்தியம் செய்யும் தேங்காய் எண்ணெயோ
ஏசி குளிரில் கல்லாகி
காலை நாலரைக்கு வெந்நீர் கேட்கும்.
டிரைவர் குல்ஜமான் கொடுத்த கருஞ்சீரகம்
வெடிப்பில் பட்டு எரிந்த எரிச்சலில்
அவன் மொழியிலேயே அவனைத் திட்டினேன்.

மினரல் ஆயில் வாட்ச்மேன்.
தோலுக்கு ஒன்றும் தராது, உள்ளேயும் போகாது.
வாசலில் உட்கார்ந்து
இருக்கிற ஈரத்தை வெளியே விடாது.
பெட்ரோலுக்குத் தம்பி முறை என்று எழுதியிருந்தது.
இந்த எண்ணெய் நாட்டுக்கு வந்து பதினோரு வருஷம்.
முதல்முறையாக என் கைக்கு
எண்ணெய் வருகிறது.

கூடையில் போட்டேன்.
மரிசெல் பெரிய பாட்டிலை மறுபடி அதன் இடத்தில் வைத்தாள்.
அப்போது பார்த்தேன்,
நாளெல்லாம் கழுவிக் கழுவி
அவள் விரல் முட்டியும் வெடித்திருந்தது.
"இது போதுமா?" என்றாள்.
"மேடத்துக்குப் போதும்."
இருவரும் சிரித்தோம்.

ஈரக் கையில் தடவி, பழைய காலுறை மாட்டிப் படுத்தேன்,
பதினாறு இரவு.
குலசேகரன் என்னை பாக்ஸர் என்று கூப்பிடுகிறான்.
வெடிப்பு மூடியது. கோடு திரும்பவில்லை;
அது வாட்ச்மேனின் வேலையில்லை.

பதினேழாம் காலை சூப்பர்வைசர் அலுத்துப்போய்
ஒவ்வொரு விரலாக வைக்கச் சொன்னார்.
இடது மோதிர விரல்.
கரணை பிடிக்கும்போது சும்மா மடங்கிக் கிடக்கும் விரல்.
பச்சை விளக்கு.

வேலை செய்யாத விரல் பெயரில்
இப்போது சம்பளம் வாங்குகிறேன்.
ராத்திரி எண்ணெய் மட்டும்
மற்ற ஒன்பதுக்கும்.