மடியில் கனம்

என் வேலை மடிகளைப் பார்ப்பது.
நியூவெல் நெடுஞ்சாலைக் கம்பத்தில் தொங்கும் கேமரா
முன்கண்ணாடி வழியே எட்டிப் பார்த்து
எடுத்தனுப்பும் மடிகள்.
இயந்திரம் முதலில் சந்தேகப்படும்.
சந்தேகத்தைத் தீர்க்க ஒரு மனுஷி வேண்டும் என்கிறது விதி.
எட்டரை மணிக்குக் காப்பிக் கோப்பையோடு
அந்த மனுஷி வந்து உட்காருவாள்.

முகங்கள் எனக்குக் கிடையாது.
கழுத்துக்கு மேலே கறுப்புப் பட்டை,
பக்கத்து இருக்கையும் கறுப்பு.
அந்தரங்கத்தை மதிக்கிற சட்டம்
எனக்கென்று விட்டுவைத்தது
இரண்டு கை, ஒரு மடி, ஒரு பெல்ட்.

எத்தனை மடி!
பாதி தின்ற இறைச்சிப் பை, சாஸ் சொட்டிய கால்சட்டை.
ஊசியோடு, பின்னி முடிக்காத கம்பளி.
ஒருமுறை ஒரு வாத்து. உயிரோடு.
இமோஜனைக் கூப்பிட்டுக் காட்டினேன்,
இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.
கறுப்புப் பர்ஸைப் போன் என்று சத்தியம் செய்யும் இயந்திரம்.
'இல்லை' என்று அழுத்துவேன்.
சந்தேகம் இருந்தால் ஓட்டுநர் பக்கம்.

கையில் பிடித்தால் குற்றம்.
மடியில் கிடந்தாலும் குற்றம்.
சிவப்பு விளக்கில் நின்றுகொண்டு தொட்டாலும் குற்றம்.
தாங்கியில் மாட்டி வழி கேட்டால் குற்றமில்லை.
உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
மடியில் கனமிருந்தால் வழியில் பயம் இருக்குமாமே?
இத்தனை மடி பார்த்துவிட்டேன்.
பயந்த கை ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

நவம்பர் பதினான்கு, மாலை ஏழு ஐம்பது.
வெள்ளை யூட் வண்டி. சுருட்டிவிட்ட சட்டைக்கை.
இடது தொடைமேல் ஒரு வெளிச்சம்,
அதன்மேல் அந்தரத்தில் கட்டைவிரல்.
நான்கு நொடி போதும் எனக்கு.
'ஆம்.'
அடுத்த மடி.

நூற்றுப்பத்து கிலோமீட்டர் வேகத்தில்
நான்கு நொடி என்பது நூற்றிருபது மீட்டர்.
அந்தக் கணக்கை அன்று நான் போடவில்லை.

அந்த அழைப்பு என் மேசைக்கு வந்திருக்கக் கூடாது.
யாரோ தவறான பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள்.
ரோண்டா ஹேனிகன் என்றாள்,
கில்காண்ட்ரா தாண்டி வீடு என்றாள்.
அபராதத் தள்ளுபடிக்கு என்று நினைத்து
வழக்கமான படிவத்தைத் திறந்தேன்.
இல்லையாம். கட்டிவிட்டாளாம்.
'கிளைவ் யாருக்கும் பாக்கி வைத்ததில்லை.'
கம்பத்தைத் தாண்டி ஆறாவது கிலோமீட்டரில்
கோதுமை லாரியின் பின்சக்கரத்தோடு முடிந்துபோன ஒருவருக்கு
உரிமத்தில் புள்ளி குறைத்துக்
கடிதம் போட்டிருக்கிறோம்.

அவள் கேட்டது இரண்டு.
ஒன்று, மிச்சப் படம்.
'அந்தக் கறுப்புக்கு அடியில் முகம் இருக்குமே?
கடைசியாக எடுத்தது இதுதான்.
முன்பல் உடைந்ததிலிருந்து
போட்டோவுக்கே நிற்கமாட்டேன் என்றார்.'
அதற்குப் பதில் எழுதிவைத்திருக்கிறார்கள்.
படித்துக் காட்டினேன்.

இரண்டாவதற்கு எழுதிவைக்கவில்லை.
'திரையில் என்ன இருந்தது?
ஏழு நாற்பத்தொன்பதுக்கு நான் ஒன்று அனுப்பினேன்.
ஆட்டுக்குட்டிக்குப் பால்பவுடர் வாங்கியாச்சா என்று.
போன் நொறுங்கிவிட்டது என்கிறார்கள்.'

பெரிதாக்கினேன்.
இன்னும். இன்னும் கொஞ்சம்.
கட்டங்கட்டமாய்ச் சிதறி
வெள்ளை. வெறும் வெள்ளை.
கிரிக்கெட் ஸ்கோராக இருக்கலாம்.
வங்கிக் கணக்காக இருக்கலாம்.
வரைபடம் மாதிரி தெரிகிறது என்று சொல்ல
நாக்கு நுனிவரை வந்தது.
சந்தேகம் இருந்தால் ஓட்டுநர் பக்கம்,
சரி.
அனுப்பியவள் பக்கம் யார்?

'தெரியவில்லை' என்றேன்.
அவள் மூச்சு கேட்டது.
அவளுக்குப் பின்னால் ஏதோ ஒன்று
பசியில் கத்துவது கேட்டது.
'பெல்ட் போட்டிருக்கிறாரா?'
போட்டிருக்கிறார். முறுக்கில்லாமல், நேராக.
'அது நான் சொல்லிச் சொல்லி வந்த பழக்கம்'
என்று வைத்துவிட்டாள்.

அன்றிரவு ரீஸ் வேலை முடிந்து
வண்டி எடுத்திருக்கும் நேரம்.
'எங்கே இருக்கிறாய்' என்று மகனுக்கு அடித்தேன்.
ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன்.
போனை மடியில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு
விளக்கைக்கூடப் போடாமல்
கேட் திறக்கும் சத்தத்துக்குக் காத்திருந்தேன்.