உப்பு பார்க்காதவள்

அம்மா உப்பு பார்த்ததில்லை.
புதனும் வெள்ளியும் நோன்பு.
பெரிய நோன்பு ஐம்பத்தைந்து நாள்.
பிறகு அப்போஸ்தலர் நோன்பு, மாதாவின் நோன்பு.
வருஷத்தில் பாதி நாள்
பிற்பகல் மூன்று மணிவரை
அவள் நாக்கு கடவுளுடையது.
ஷிரோ கொதிக்கும்போது
முகத்தை ஆவிக்குக் கொடுத்துக் கண்ணை மூடுவாள்.
ஒரு சிட்டிகை.
யோசித்து, இன்னும் அரைச் சிட்டிகை.
"மூக்கால் ருசித்தால் நோன்பு முறியாதா?"
தம்பி தெஸ்தா கேட்டான்.
"வாசனைக்கு மேலே கணக்கில்லை,
போய்ச் சாணி அள்ளு."

நாட்களையும் அப்படித்தான் அளந்து போட்டாள்.
பன்னிரண்டாம் தேதி மிக்கேலுக்கு.
இருபத்தொன்று மாதாவுக்கு.
இருபத்து மூன்று புனித ஜார்ஜுக்கு,
அன்று கோடாலியைக்கூடத் தொடக்கூடாது.
ஞாயிறைச் சொல்லவே வேண்டாம்.
மிச்சம் மண்ணுக்கு.
மிச்சத்தில் மிச்சம் எங்கள் நால்வருக்கு.
தனக்கு?
அடைமழையில் ஆடுகள் உள்ளே வந்துவிட்டால்
அவற்றின் நடுவே கால் மணி நேரம்
வாய் பிளந்து தூங்குவாள்.

ஞானஸ்நானத் திருவிழா முடிந்த நாலாம் நாள்
அப்பா களத்துமேட்டில் உட்கார்ந்தார், எழவில்லை.
நாற்பதாம் நாள் படையல் முடிந்த கையோடு
சித்தப்பா தெமெகெ வந்தார்.
"நான் உழுகிறேன் யெஷாரெக். பாதி விளைச்சல் எனக்கு."
கோஜ்ஜாம் மேட்டுநிலத்தில் அதுதான் வழக்கம்.
பெண் களை எடுக்கலாம், அறுக்கலாம், தூற்றலாம்,
கடுகினும் சிறிய டெஃப் மணியைப்
புழுதியிலிருந்து பிரித்தெடுக்கலாம்.
மேழியைத் தொட்டால் மட்டும் மண் மலடாகும்.

அம்மா கோயிலுக்குப் போனாள்.
வாசல் கல்லை முத்தமிட்டாள், சிலுவையை முத்தமிட்டாள்.
"எங்கே எழுதியிருக்கிறது, தகப்பனே?"
கெஸ் மெர்ஷா தோல் புத்தகத்தைப் பிரித்தார்.
அவளுக்கு ஒரெழுத்தும் தெரியாது.
பக்கம் புரளும் சத்தத்தைக் கைகட்டிக் கேட்டபடி நின்றாள்.
மோசேயில் இல்லை. பவுலில் இருக்கலாம் என்றார்.
பவுலிலும் இல்லை.
"கண்டுபிடித்துச் சொல்லியனுப்புங்கள்.
அதுவரை உழுதுகொண்டிருக்கிறேன்."
பதினோரு வருஷமாகிறது.
அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

முதல் சால் கோணல்.
இரண்டாவது, முதலாவதைப் பார்த்துக் கோணிக்கொண்டது.
வேலியோரம் ஆண்கள் நின்றார்கள்,
சிரிப்பதற்கென்றே வேலையை விட்டுவந்தவர்கள்.
வயல் முனையில் போரா அசையாமல் நின்றது.
அந்த இடத்தில் அப்பா ஒரு சீழ்க்கை அடிப்பார்.
அம்மாவுக்குச் சீழ்க்கை வராது.
உதட்டைக் குவித்தாள், காற்றுதான் வந்தது.
சாட்டையை ஓங்கினாள், இறக்கிக்கொண்டாள்.
பிறகு மாதாவின் துதியிலிருந்து
தனக்குத் தெரிந்த இரண்டு வரியை
மாட்டின் காதுக்கு மட்டும் சொன்னாள்.
போரா திரும்பியது.
மற்றொன்றும் வேறு வழியில்லாமல் திரும்பியது.

அடுத்த ஆனியில் சித்தப்பாவின் காளை நொண்டியது.
எங்கள் ஜோடியை இரவல் வாங்கிப் போனார்.
வயல் முனையில் நின்று
சீழ்க்கை அடித்தார், அதட்டினார், அடித்தும் பார்த்தார்.
கடைசியில், யாரும் இல்லையென்று
நாலு பக்கமும் பார்த்துவிட்டு,
அந்தப் பெரிய மீசைக்கு அடியிலிருந்து
கீச்சுக் குரலில் மாதாவைப் பாடினார்.
புதருக்குப் பின்னால் நாங்கள் நால்வரும் இருந்தோம்.
அம்மாவிடம் சொன்னபோது
அவள் சிரிக்கவில்லை.
"பாடட்டும், நல்லதுதான்" என்றாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது
அந்த முதல் நாளின் நடுப்பகலை.
மாடுகளை அவிழ்த்துவிட்டு அடுப்படிக்கு வந்தாள்.
வெறும் வயிறு. மூன்று மணிக்கு இன்னும் நேரம் இருந்தது.
ஷிரோ கொதித்தது. முகத்தை ஆவிக்குக் கொடுத்தாள்.
உப்புக்குக் கை நீட்டினாள்.
விரல்கள் மேழியின் வடிவத்திலேயே
இறுகி நின்றுவிட்டன.
சிட்டிகை கூடவில்லை.
மடக்கிப் பார்த்தாள். ஒரு கையால் மறு கையை நீவினாள்.
பிறகு தெஸ்தாவைக் கூப்பிட்டாள்:
நோன்புக்கு வயசு வராத ஒரே நாக்கு.
"நீ போடு. போட்டுப் பார்த்துச் சொல்."

அவன் போட்டான். பார்த்தான்.
"தெரியல" என்று மறுபடி பார்த்தான்.
மூன்றாம் தடவை கரண்டி நிறைய எடுத்தான்.
அம்மா புகைக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு
எரிந்துகொண்டிருந்த அடுப்பை
ஊதினாள்.