எண்பத்தொன்று

போர்ட்டா வெஸ்ட்ஃபாலிகாவைத் தாண்டி
நெடுஞ்சாலையோரம் நான்கு சார்ஜர் கம்பங்கள்.
இரண்டு செத்தவை.
ஒன்றில் யாருடையதோ ஒரு வெள்ளைக் கார், ஆளைக் காணோம்.
மிச்சமிருந்ததில் என் வான்.
பின்னால் மூடி போட்ட ஆறு வாளி இட்லி மா.
பிரவுன்ஷ்வைக்கில் சாமத்தியவீடு,
காலைச் சாப்பாட்டுக்கு இருநூற்றைம்பது பேர்.

செருகும்போது பதினொரு வீதம்.
திரையில் தொண்ணூற்று நான்கு கிலோவாட்.
பசித்தவன் முதல் கவளத்தை மெல்வதில்லை.
ஒரு யூரோ போட்டுக் கழிவறைக்குப் போய் வந்தேன், முப்பத்தெட்டு.
ஒரு கோப்பி குடித்தேன், அறுபது.

அதற்குப் பிறகு
பற்றரி ஏற ஏற மின்சாரம் இறங்கியது.
எழுபதில் ஐம்பது கிலோவாட்.
எழுபத்தாறில் முப்பத்தெட்டு.
வானை விற்றவன் இதைச் சொல்லவில்லை.
விளம்பரங்கள் எல்லாமே
வெறும் வயிற்றைப் பற்றியவை.

நானாக யோசித்துக்கொண்டேன்:
படம் தொடங்கப்போகிற தியேட்டர்.
முதலில் வந்தவை எங்கும் உட்காரலாம்.
கடைசியில் வரும் அயனி
இருட்டில், முழங்கால்களைத் தாண்டித் தாண்டி,
மன்னிக்கவும், கொஞ்சம் காலை எடுங்கோ,
நடுவரிசையில் ஒற்றைச் சீட்டைத் தேட வேண்டும்.
பின்னாலிருந்து தள்ளினால்
உள்ளே போகாது.
வாசலிலேயே உலோகமாய் உறைந்து
கதவையும் கெடுத்துவிடும்.

இதில் நான் என்ன குறை சொல்ல?
வாளியில் முக்காலுக்கு மேல் நானும் ஊற்றுவதில்லை.
ஒருமுறை விளிம்புவரை ஊற்றினேன், பேராசை.
ஹனோவர் வருமுன் வானின் தரையெல்லாம் வெள்ளை.
மூன்று மாதம் புளித்த மணம்.

எண்பத்தொன்று. இருபத்திரண்டு கிலோவாட்.
எனக்குத் தொண்ணூற்று மூன்று வேண்டும், குளிர் அப்படி.
அப்போதுதான் அவள் வந்து நின்றாள்.
சின்னப் பச்சைக் கார். ஆறு வீதம் என்றாள்.
பின் இருக்கையில் கயிறு கட்டிய
பெரிய நிலைக்கண்ணாடி.
அதற்குள் என் திரையின் எண்பத்தொன்று
பதினெட்டாய்த் தெரிந்தது.

எடுக்கச் சொல்லி அவள் கேட்கவில்லை.
கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு
மேகத்தைப் பார்த்தாள்.
கேட்காமல் கேட்பதில்
இந்த ஊர்ச் சனமும் நம் சனமும் ஒன்று.

கணக்குப் போட்டேன்.
எனக்கு இன்னும் பன்னிரண்டு வீதம்: இருபத்திரண்டு நிமிடம்.
அதே இருபத்திரண்டு நிமிடத்தில்
அவள் பாதியைத் தாண்டிவிடுவாள்.
என்னைப் பற்றிய கணக்கு வேறு, அதைப் போடவில்லை.
வயரைப் பிடுங்கினேன்.
விப்கே, என்றாள் கை நீட்டி.
பெயரை நான் கேட்கவே இல்லை.

பிறகு லிதுவேனிய லொறி ஒன்றின் முதுகுக்குப் பின்னால்
மணிக்கு எண்பத்தைந்தில் ஒட்டிக்கொண்டேன்.
ஹீற்றரை அணைத்தேன். கையுறை போட்டேன்.
எல்லோரும் என்னைக் கடந்தார்கள்.
லேர்ட்டேக்குப் பக்கத்தில்
பச்சைக் கார் ஒன்றும் கடந்தது.
கண்ணாடிக்குள் ஒரு கணம்
நானும் வானும் இடம்மாறி ஓடினோம்.
கை காட்டினாளா தெரியவில்லை.

நான்கு வீதத்தில் வந்து சேர்ந்தேன்.
வாளி மூடியைத் திறந்தால்
மா பொங்கவே இல்லை.
அணைத்த ஹீற்றரை அது மறக்கவில்லை.

இப்போது இரவு ஒன்றரை.
மண்டபத்தின் கொதிகலன் அறையில்
ஆறு வாளிகளோடு நான்.
பெண்ணின் தகப்பன் இரண்டுதரம் எட்டிப் பார்த்துவிட்டார்.
வெளியே வான்,
சமையலறை யன்னல் வழியே இழுத்த சாதாரண வயரில்,
இரண்டு கிலோவாட்.
அதில் வளைவும் இல்லை, அவசரமும் இல்லை.

ஒரு மூடியை மட்டும் கொஞ்சம் தூக்கிப் பார்க்கிறேன்.
ஓரத்தில் ஒரு குமிழ்.
மூடிவிடுகிறேன்.