வெள்ளைக்கல் சூடேறும் வரை

பத்தாம் வகுப்பு, ஆ பிரிவு, மூன்றாவது பீரியட்.
லிட்மஸ் தாள் போன வருடமே தீர்ந்துவிட்டது.
காம்பவுண்டுச் சுவரோரத்துச் செம்பருத்தியைக்
கொதிநீரில் ஊறப்போட்டு எடுத்துவந்திருக்கிறேன்.
எலுமிச்சைக்குச் சிவக்கும், சோப்புத் தண்ணீருக்குப் பச்சையாகும்.
என் கைவசம் உள்ள மந்திரம் அவ்வளவுதான்.

அமிலம் புளிக்கும் என்று கரும்பலகையில் எழுதுகிறேன்.
யாரும் நக்கிப் பார்க்கக் கூடாது என்று அதன் கீழேயே எழுதுகிறேன்.
கடைசி பெஞ்சு கேட்கிறது:
அப்ப புளிக்கும்னு கண்டுபிடிச்சது யாரு மிஸ்?
நக்கிப் பார்த்த யாரோ ஒருத்தர், என்கிறேன்.
அவர் பெயர் புத்தகத்தில் இல்லை.

சிந்துஜா வெள்ளக்கல்பட்டியிலிருந்து வருகிறவள்.
டிபன் பாக்ஸில், எலுமிச்சை சாதம் இருக்க வேண்டிய இடத்தில்,
தினத்தாளில் சுற்றி ஒரு கல்.
காலிஃபிளவர் மாதிரி முண்டும் முடிச்சுமாய்,
பூசாத சுவரின் வெண்மையில்.
நான் உற்சாகமாகிவிட்டேன்.
மேக்னசைட், கார்பனேட், அமிலம் பட்டால் பொங்கும்,
எல்லாரும் கிட்டே வாங்க.

மூன்று சொட்டு விட்டேன்.
முப்பத்தெட்டுத் தலைகள் மேசைமேல் கவிழ்ந்திருந்தன.
இன்னும் மூன்று சொட்டு.
எருமைமாட்டின் மேல் மழை பெய்தது போலக்
கல் அப்படியே கிடந்தது.

பதினொரு வருடமாக நடத்துகிற பாடம்.
பதினொரு வருடமும் கடைச் சுண்ணாம்புக்கல்தான்.
ஜன்னலைத் திறந்தால் தெரிகிற வெள்ளைக் குன்றில்
ஒரு துண்டெடுத்துச் சோதித்ததில்லை நான்.

அது உடனே பொங்காது மிஸ், என்றாள் சிந்துஜா,
என்னைக் காப்பாற்றுகிற குரலில்.
இடிச்சுச் சுட வைக்கணும்.
அம்மா குவாரியில கல்லு பொறுக்குனப்ப
சந்தேகம் வந்தா மேஸ்திரி ரெண்டு சொட்டு விடுவாராம்.
சட்டுனு நுரைச்சா சுண்ணாம்பு, தூக்கிப் போட்டுடுவாராம்.
சும்மா இருக்கறதுதான் நல்ல கல்லு.

இடித்தோம். ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்தோம்.
சோதனைக்குழாயை யார் பிடிப்பது?
ஒருநாளும் கையுயர்த்தாத பூவரசன் எழுந்து வந்தான்.
இடுக்கியில் பிடித்து,
வாயை யாருமில்லாத சுவர்ப்பக்கம் சாய்த்து,
முகத்தை விலக்கி, விட்டுவிட்டுக் காட்டினான்.
இதில் எதையும் நான் இன்னும் சொல்லித்தரவில்லை.

தீயின் வெளிச்சத்தில் அவன் விரல்நுனிகள் மஞ்சளாய்த் தெரிந்தன.
ஜூலை முழுக்க நான் அதை
வீட்டு விசேஷத்து மஞ்சள் என்றே நினைத்திருந்தேன்.

சிவதாபுரத்துல பட்டறை மிஸ், வெள்ளி கரைக்கறது.
சனி ஞாயிறு மட்டுந்தான்.
கழுவினா போவாது.
தோல் உரிஞ்சு புதுசு வந்தாத்தான்.

குழாயின் அடியில் ஒரு குமிழ் கிளம்பியது,
அதன் பின்னால் நாலைந்து,
அப்புறம் கல்லே மூச்சுவிடத் தொடங்கியது.
சுண்ணாம்புநீர் பால்போலானதும்
வகுப்பு கத்திய கத்தலில்
பக்கத்து அறைக் கணக்கு சார் எட்டிப்பார்த்தார்.

நான் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
நைட்ரிக் அமிலத்தின் பயன்கள்:
உரம், சாயம், வெடிமருந்து.
பக்கம் நூற்றிப்பன்னிரண்டு, ஐந்து மதிப்பெண்.
மஞ்சளைப் பற்றி ஒரு வரி கிடையாது.

கையில பட்டா சோடா மாவு போடலாமா மிஸ்?
அதுதான் காரமாச்சே, சரிக்குச் சரியாயிடுமில்ல?
அவன் கேள்வியில் தப்பில்லை.
சமன்பாட்டில் அது சரிதான். தோலில் சரியில்லை.
முதல்ல தண்ணி, என்றேன்.
ஓடற தண்ணி, கால்மணி நேரம், கடிகாரம் பார்த்து.
எழுதிக்கொள்ளச் சொன்னேன். அடிக்கோடு போடச் சொன்னேன்.
இது பரீட்சைக்கு வருமா என்றாள் ஒருத்தி.
வராது, எழுது, என்றேன்.

மணி அடித்து எல்லாரும் போனபின்
ஆய்வக அலமாரியில் தேடினேன்.
ரப்பர் கையுறை இருந்தது, ஒரே ஒரு ஜோடி,
டால்கம் பவுடர் வாசனையோடு, அவனுக்கு இரண்டு அளவு பெரியதாக.

இருப்புப் பதிவேட்டில்
பொருள் குறைந்ததற்குக் காரணம் எழுத
ஒரே ஒரு கலம்தான் உண்டு.
எழுதினேன்:
கையுறை, ஜோடி ஒன்று. உடைந்துவிட்டது.