தகரம்

மூன்றாம் மாடி அமலோற்பவம் இருமியதை
மாநகராட்சிக்குச் சொன்னது நான்தான்.
போனில் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்,
கடன் கேட்பவள் மாதிரி.

மறுநாள் இரண்டு பேர் வந்து
அவள் வாசலில் தகரம் அடித்தார்கள்.
ஆணி இறங்க இறங்க
எனக்கு நிம்மதியாக இருந்தது.
அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

பத்தாம் நாள்
மோர்க்குழம்பில் வாசனை இல்லை.
பெருங்காய டப்பாவைத் திறந்து
மூக்கோடு வைத்து அழுத்தினேன்.
வெறும் டப்பா.

என் வாசலுக்கும் தகரம் வந்தது.
புரசைவாக்கம் நெடுஞ்சாலையில்
ஆம்புலன்ஸ்களை எண்ணுவதை விட்டுவிட்டு
யார் சொல்லியிருப்பார்கள் என்று
தெருவையே சந்தேகித்தேன்.

விடிந்ததும் பால்கனியில்
மேலிருந்து ஒரு கயிறு இறங்கியது.
கூடையில் அவளுக்கு வந்ததில் பாதி:
ஆவின் பால், இரண்டு சாத்துக்குடி,
‘சுக்கு தட்டிப் போடு’ என்று ஒரு சீட்டு.
கயிற்றை இரண்டு முறை இழுத்தேன்.
நன்றியா, மன்னிப்பா,
எது போய்ச் சேர்ந்ததோ.

இப்போது மறுபடி
மோட்டார் போடுவதில் சண்டை.
‘உனக்கு மட்டுந்தான் மெட்ரோ தண்ணியா?’
படிக்கட்டில் நின்று கத்துகிறாள்,
முகக்கவசம் இல்லாமல்,
முழு வாயும் தெரிய.

பதில் இருக்கிறது.
இன்னும் கொஞ்ச நேரம் கத்தட்டும்.