செத்தவன் சொறியக்கூடாது

'மூன்றாம் கட்டு' படத்தில்
ஐம்பத்து மூன்றாம் நிமிஷம் வருகிற பிணம் நான்.
மற்ற நாளில் கோட்டையூரில்
கேஸ் சிலிண்டர் போடுகிறவன். பேர் சேவுகன்.
கூலி எண்ணூறு, மத்தியானச் சாப்பாடு தனி.

பள்ளத்தூரில் வருஷக்கணக்காய்ப் பூட்டிக் கிடந்த வீடு.
வாரிசு பதினேழு பேர், பாதிப் பேர் கோலாலம்பூரில்;
ஓடு மாற்ற ஒத்துவராதவர்கள்
படப்பிடிப்பு வாடகைக்கு மட்டும் ஒரே நாளில் கையெழுத்துப் போட்டார்கள்.
வளவில், ஆத்தங்குடிக் கல்லில் மல்லாத்திப் போட்டு
சர்க்கரைப் பாகில் சிவப்பைக் கரைத்து
கழுத்திலிருந்து காதுவரை ஊற்றினார்கள்.
சித்திரை வெயில். முதுகுக்குக் கீழே மட்டும் ஐப்பசி.

"கண்ணு திறந்தே இருக்கணும். இமைக்காதீங்க.
செத்தவன் சொறியக்கூடாது"
என்றான் உதவி இயக்குநர்.
மீசை சரியாய் முளைக்காத பையன்,
பிணங்களைப் பற்றி நிறையத் தெரிந்திருந்தது அவனுக்கு.

பாகு எது ரத்தம் எது என்று எறும்புக்குத் தெரியாதா?
தூணடியிலிருந்து வரிசை கிளம்பிவிட்டது.
தோள். காது மடல். கன்னம்.
ஒன்று மட்டும் வழிதவறி
என் வெள்ளை விழிமேல் ஏறி நடந்தது.
மகளின் பள்ளிக்கூட ஃபீஸை
நூறு நூறாக எண்ணிக்கொண்டு கிடந்தேன்.

துப்பறிகிறவர் குந்தி உட்கார்ந்தார்.
கையுறை விரலால் என் உதட்டைப் பிளந்து பார்த்தார்.
கட் சொன்னார்கள். விளக்கு அணைந்தது.
அப்புறமும் எழுந்திரிக்காமல்
என் காதுப் பக்கம் குனிந்து
"மன்னிச்சிரு" என்றார்.
வசனத்தாளில் அது இல்லை. விசாரித்துவிட்டேன்.

படம் வந்தது. படித்தவர்கள் இரண்டு கட்சியானார்கள்.
நாலரை நட்சத்திரம் போட்டவர்
விழிமேல் ஊரும் எறும்பு மகத்தான படிமம் என்றார்.
ஒன்று போட்டவர்
அந்த எறும்பு ஒன்றே போதும்
இயக்குநரின் வக்கிரத்துக்கு என்றார்.
எறும்பை யாரும் கூப்பிடவில்லை ஐயா,
அது பசிக்கு வந்தது.
இதை நான் எந்தப் பேப்பரில் போய்ச் சொல்வது?

கொலைகாரன் யாரென்று படம் சொல்லாது.
சமையல்காரன்தான் என்கிறார் டீ மாஸ்டர் ரபீக்.
கடைசி வாரிசு என்கிறான் வட்டிக்கடைப் பையன்.
நாம் எல்லோரும்தான் என்று
ஒருவர் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார்.
நான் வாயைத் திறக்கவில்லை.
எனக்குக் கேட்டது எனக்கு மட்டும் கேட்டது.

வள்ளிக்கண்ணுவைக் காரைக்குடிக்கு
இரண்டாம் ஆட்டம் கூட்டிப் போனேன்.
"நான்தான், இந்தா நான்தான்" என்று தொடையைத் தட்டினேன்.
முறுக்குப் பொட்டலத்தைக் கீழே வைத்தாள்.
அப்புறம் எடுக்கவேயில்லை.
ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது கேட்டாள்:
"எவ்வளவு குடுத்தாங்க?"
"எண்ணூறு."
"கூடக் கேட்டிருக்கலாம்."

ராத்திரி மூன்று மணி இருக்கும்.
என் மூக்குக்குக் கீழே அவள் விரல்.
முழிப்பு வந்துவிட்டது, இருந்தும்
பழக்கதோஷம்,
மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
காது மடல் அரித்தது.